கடையில் கிடைக்கிற மோட்டார்

அன்று காலை என் மனைவி கொண்டுவந்தது காபியா டீயா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஐயா. மனிதர்கள் பேசியது, குடித்தது, உடுத்தியது எல்லாம் கொஞ்ச நாளில் என் தலைக்குள் ஒன்றோடொன்று கலந்துபோகும். யார் எதை முதலில் சொன்னார்கள், யார் சிரித்தார்கள் என்பதை நான் மாற்றிச் சொல்லக்கூடும். மோட்டார்களைப் பற்றியும் கியர்களைப் பற்றியும் சொல்வதில் மட்டும் பிசகு இருக்காது. அதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு சிறிய அறை இருக்கும். அதற்குள் ஒரு மோட்டார், ஒரு கியர்பெட்டி, ஒரு பிரேக். கீழே ஆட்கள் பொத்தானை அமுக்குகிறார்கள், ஏறுகிறார்கள், இறங்கிப் போகிறார்கள். தங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது எது என்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நின்றுபோனால்தான் எங்கள் ஞாபகம் வரும். இதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. நாள் முழுக்க அந்த அறையில் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு வருவது எனக்குப் பிடித்த விஷயம். வீட்டிலும் அப்படித்தான். நான் கோபப்பட்டு ஒரு வார்த்தை சொன்னதாக என் மனைவிகூடச் சொல்லமாட்டாள். கேட்டுப் பாருங்கள்.

சின்னவன் என்று நாங்கள் கூப்பிடுவது அவளுடைய தம்பியை. செல்போன் கடையில் விற்பனையாளன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவன் பிழைப்பதோடு நிற்காமல் பக்கத்தில் நிற்கிறவனையும் சிரிக்கவைத்துவிடுவான். வேலை கிடைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தான். ஒருநாள் சாப்பிடும்போது தன் செல்போனை என் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான்.

"அத்தான், இதைப் பாருங்க. ரெண்டு ரோபோவை ஒரு கூண்டுக்குள்ள விட்டு மோத விடுறாங்க. எது அசையாம நிக்குதோ அது தோத்துடுச்சு. எல்லாம் வீட்டுல செஞ்சதுதானாம். நாமளும் ஒண்ணு செய்வோமா?"

தட்டையான இரும்புப் பிராணி ஒன்று இன்னொன்றின் அடியில் மூக்கை நுழைத்து அதைக் கூரைவரை தூக்கி எறிந்தது. நான் எறிந்ததைப் பார்க்கவில்லை. எறிந்த பிறகு அதன் சக்கரங்கள் வழுக்காமல் நின்றதைத்தான் பார்த்தேன்.

"இவரா? ஒரு வார்த்தை பேசவே நாள் பாக்குற மனுஷன். இவரு சண்டைக்குப் போறாரா?" என்றாள் மனைவி.

"சண்டைக்கு நான் போறேன்க்கா. அத்தான் சும்மா மோட்டார் மாட்டிக் கொடுத்தாப் போதும்."

சும்மா என்ற சொல்லை அவன் அன்றைக்கே பயன்படுத்தினானா, இல்லை நான் பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மோட்டார் மாட்டுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மற்றது புரியாது. மோட்டார் தனியாக இருக்கும்போது வாய்ச்சொல் வீரன். மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தால் ஆகா ஓகோ என்று சுற்றும். தோளில் சுமையை ஏற்றினால் முனகிக்கொண்டு நின்றுவிடும். நின்றபடியே மின்சாரத்தை மட்டும் குடித்துக்கொண்டிருக்கும். குடித்தது வெளியே போக வழியில்லாமல் உள்ளே சூடாகிச் சுருளை எரித்துவிடும். கியர்தான் அதைக் குடும்பஸ்தன் ஆக்குகிறது. வேகத்தைக் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு பலத்தைக் கையில் கொடுக்கிறது. எவ்வளவு பிடுங்குவது என்பதில்தான் எல்லாச் சூட்சுமமும். அதிகம் பிடுங்கினால் வண்டி எறும்பாக ஊரும். குறைத்துப் பிடுங்கினால், கூண்டின் இந்தக் கோடியில் புறப்பட்டது வேகம் எடுப்பதற்குள் அந்தக் கோடிச் சுவர் வந்துவிடும். கூண்டின் நீளத்தில் பாதி தாண்டுமுன்னே முழு வேகம் வரவேண்டும், எதிரியை முட்டித் தள்ளும்போது மோட்டார் நின்றுவிடக் கூடாது, சக்கரம் வழுக்கினாலும் வழுக்கட்டும். இவை எல்லாம் போட்டிக்காரர்கள் வைத்த எடை வரம்புக்குள்ளே நடக்கவேண்டும்.

முதல் வண்டிக்குக் கார்க் கண்ணாடி துடைக்கிற வைப்பர் மோட்டார் போட்டேன். அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். அது ஒரே திசையில் சுற்றப் பிறந்தது. மறுதிசையில் மனசில்லாமல் ஓடும். வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போயிற்று.

"அத்தான், இது சண்டைக்கு வந்த மாதிரி இல்ல. ரிடையர் ஆனவரு மூட்டு வலியோட வாக்கிங் வந்த மாதிரி இருக்கு" என்றான் சின்னவன்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நாட்களில் எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை.

பிறகு பேட்டரியில் ஓடும் ட்ரில் மெஷின்களைத் தேடிப் பிரித்தேன். அவற்றின் கியர்பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி மூன்று, எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு உள்பக்கம் பல் வெட்டிய ஒரு வளையம். எத்தனை முறை பிரித்துப் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் ஜோடி சேர்ப்பதுதான் கஷ்டம். ஒரே பெட்டியில் வந்த இரண்டு மோட்டார்கள்கூட ஒன்றுபோல ஓடாது, ஐயா. கூடப் பிறந்தவர்கள் மாதிரி. ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக் குருத்தில் வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டேன். பேரிங் தேய்ந்ததா, பல் ஒட்டி ஓடுகிறதா என்பதெல்லாம் அதில் கேட்கும். ஒரு மழைக்காலம் முழுவதும் வண்டி நிறுத்துகிற கொட்டகையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மனைவி வாசலில் நின்று பார்ப்பாள். "அது என்னதான் சொல்லுது? எங்கிட்டப் பேசாததை எல்லாம் அதுகிட்டயா பேசுறீங்க?"

"அது பேசுது. நான் கேக்குறேன்" என்றேன்.

"நல்லாயிருக்கு. எனக்கும் ஒரு ஸ்க்ரூடிரைவர் கொடுங்க, உங்க மேல வச்சுக் கேக்குறேன்."

கடைசியில் இரண்டு மோட்டார்கள் கிடைத்தன. ஒன்றின் சுதியில் மற்றது இருந்தது. தரையில் விட்டேன், சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று. சின்னவன் அப்போது கடையில் இருந்தான். அதைப் பார்த்தது நான் மட்டும்தான்.

வண்டியின் முன்பக்கத்தில் ஆயுதமாக ஒரு கனத்த வட்டத்தகடு, விளிம்பில் எதிரெதிராக இரண்டு பற்கள். அதற்குத் தனி மோட்டார், தனிக் கியர். அந்தக் கியர் ஓடும்போது ஆலைச் சங்கு மாதிரி ஊளையிடும். சின்னவனுக்கு அது ரொம்பப் பிடித்தது. அந்த ஊளையைக் கேட்டுத்தான் இயந்திரத்துக்கு மாமியார் என்று பெயர் வைத்தான். என் மாமியார் அவனுக்கு அம்மா அல்லவா, அதனால் அந்த உரிமை அவனுக்குத்தான் இருந்தது.

அவன் நன்றாக ஓட்டினான். இதை நான் மறுக்கவில்லை. எனக்கு யார்மேலும் பொறாமை கிடையாது. இரண்டு கட்டைவிரல்களையும் ரிமோட்டின்மேல் வைத்துவிட்டால் இயந்திரமும் அவனும் வேறு வேறு இல்லை. ஆனால் அவன் மோட்டார்களை மதிக்கமாட்டான். எதிரியைச் சுவரோடு அழுத்தி, அது அசைவற்றுப் போன பிறகும், கூட்டம் கத்துகிறது என்பதற்காகத் தள்ளிக்கொண்டே இருப்பான். தள்ள இடமில்லாத சுவரில் தள்ளினால் மோட்டாருக்கு என்ன ஆகும் என்று சற்றுமுன் சொன்னேன். ஒரு போட்டியில் இடது மோட்டார் எரிந்துபோயிற்று. அவன் அதைக் கழற்றி, சூடு ஆறுவதற்குள் குப்பைத் தொட்டியில் போட்டான். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதன் ஜோடியைத் தேட எனக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவனுக்குத் தெரியாது. சொன்னதில்லை. கேட்டதுமில்லை.

இன்னொரு பழக்கமும் அவனிடம் இருந்தது. சண்டை முடிந்ததும் ஆயுதத்தின் சுவிட்சை அணைக்கவேண்டும். தகடு முழுக்க நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே கூண்டுக் கதவைத் திறந்து, தகட்டின் ஓட்டையில் ஒரு பூட்டுக்கம்பியைச் செருகவேண்டும். அதற்கப்புறம்தான் மற்ற வேலை. எல்லா அணிகளுக்கும் இதுதான் விதி. சின்னவன் பார்க்கமாட்டான், காதால் கேட்பான். சுவிட்சை அணைத்தால் மோட்டாரும் கியரும் தகடும் ஒன்றாகத்தான் அடங்கும்; ஊளை முனகலாகி, முனகல் நின்றால் தகடும் நின்றுவிட்டது என்று அர்த்தம். அவன் முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, சிரித்துக்கொண்டே, கையை மட்டும் பின்னால் விட்டுக் கம்பியைச் செருகுவான். அதற்கென்றே கைதட்டுவார்கள்.

"கண்ணால பாருடா" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். இதை என் மனைவி சாட்சி சொல்வாள்.

"எனக்குக் காதே கண்ணு, அத்தான்" என்பான்.

அரையிறுதிக்கு என் மாமியாரும் வந்திருந்தார். அரங்கம் முழுக்க "மாமியார், மாமியார்" என்று கத்த, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதுபோலக் கூச்சத்தோடு முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"பேரு வச்சதுதான் வச்சீங்க, ஜெயிக்கவாவது செய்யுமா?" என்று என்னிடம் கேட்டார்.

"செய்யும்" என்றேன்.

செய்தது. எதிரி இயந்திரம் சில்லுச் சில்லாகக் கிடந்தது. "மாமியார் உடைச்சா மண்குடம்தானே, யாரும் கணக்குக் கேக்காதீங்க" என்று அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் சொன்னார். கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. பிறகு கேமராவோடு ஒரு பெண் வந்தாள். சின்னவனிடம் மைக்கை நீட்டிக் கேட்டாள்: "இதுக்கு மோட்டார், கியர் எல்லாம் எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

ஐயா, அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருந்தேன். கொட்டகையில் தனியாக இருக்கும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வைப்பர் மோட்டாரிலிருந்து ஆரம்பிப்பதா, ஜோடி சேர்த்ததிலிருந்து ஆரம்பிப்பதா என்பதில்தான் தயக்கம் இருந்தது. நான் ஓரடி முன்னால் வந்தேன்.

"மோட்டாரா?" என்றான் சின்னவன். "அது கடையில கிடைக்கிறதுதாங்க. யாரு வேணா வாங்கி மாட்டலாம். எல்லாம் ஓட்டுறதுலதான் இருக்கு."

"பக்கத்துல நிக்கிறவரு?"

"எங்க அத்தான். சாமான் தூக்கிட்டு வருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக வீடியோவில் இருக்கிறது. எனக்கு அது நினைவில்லை.

திரும்பி வரும்போது காரில் மாமியார் பின்சீட்டில் மகனுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். "எம்புள்ளைக்குக் கைராசி. இந்தக் கை பட்டா எதுவும் ஓடும்."

"விடும்மா, அத்தான் கண்ணாடியில பாக்குறாரு. அப்புறம் வண்டியைப் போய் மரத்துல விட்டுறப் போறாரு" என்றான் அவன்.

நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதுவரை அவன் கையை ஒரு கையாக நான் கவனித்ததில்லை.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதாதீர்கள். வந்திருந்தால் தெரிந்திருக்கும். சில நாட்கள் பேசாமல் இருந்தேன் என்று மனைவி சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு முன்பும் நான் பேசிக்கொண்டு இருக்கவில்லை. எனக்கு யோசிக்க ஒரு வேலை இருந்தது. இறுதிப் போட்டிக்கு ஆயுதக் கியரில் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. சண்டை நடுவில் கியரில் ஏதாவது சிக்கிக்கொண்டால் அதோடு தகடும் நின்றுவிடும். கியர் நின்றாலும் தகடு தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தால், மிச்சமிருக்கும் வேகத்தில் இன்னொரு அடி அடிக்கலாம். சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் பின்சக்கரம் ஓடுகிறதல்லவா, அந்த மாதிரி. ஃப்ரீவீல் என்பது அதுதான். எந்த அணியின் மெக்கானிக்கைக் கேட்டாலும் நல்ல யோசனை என்றுதான் சொல்வான்.

சைக்கிளின் ஃப்ரீவீல் டிக் டிக் என்று சத்தம் போடும். அதனால் அதை எடுக்கவில்லை. உருளைகள் வைத்த இன்னொரு வகை இருக்கிறது, சத்தமே வராது. சுலபத்தில் கிடைக்காது. தேடினேன்.

அதைப் பொருத்திய பிறகு மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு நல்ல வேலை இன்னொரு நல்ல வேலையைக் கேட்கும். தகட்டின் பேரிங்குகளை மாற்றினேன். முன்னைவிட வெகுநேரம் சுற்றியது. தகட்டைச் சமன்படுத்தினேன்; முன்பு சுற்றும்போது இயந்திரமே தரையில் நடுங்கும், இப்போது மேசைமேல் வைத்த தட்டு மாதிரி இருந்தது. சமன்படுத்துவதற்காக இரண்டு பக்கமும் தேய்த்து மெருகேற்றியதில், அதன்மேல் இருந்த மஞ்சள் கோடு போய்விட்டது. சுற்றுவது கண்ணுக்குத் தெரியட்டும் என்று முன்னால் நானே போட்ட கோடு. திரும்பப் போட மறந்துவிட்டேன் என்று அன்று நீங்கள் விசாரிக்க வந்தபோது சொன்னேன். மறக்கவில்லை. மெருகேற்றியது பார்க்க அழகாக இருந்தது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. தகடு இப்போது கியரை இழுக்காமல் தனியே சுற்றியதால், சுவிட்சை அணைத்ததும் மோட்டாரும் கியரும் சட்டென்று நின்றன. ஊளை கத்தரித்ததுபோல நின்றால் யாருக்கும் உறுத்தும். திடீர் நிறுத்தம் மோட்டாருக்கும் நல்லதல்ல. அதனால் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடுகிற கன்ட்ரோலரில் மாற்றி, முன்பு எப்படி ஊளை முனகலாகி அடங்குமோ அதே மாதிரி அடங்கும்படி வைத்தேன். காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. என் வேலைகளிலேயே நுணுக்கமானது அதுதான். பழைய வீடியோவை ஓடவிட்டு, ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தேன்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, நான் மெதுவாகவே சொல்கிறேன்.

லிஃப்டில் முதல் பாடம் என்ன தெரியுமா, ஐயா? மின்சாரம் இருக்கும்போது பிரேக் திறந்திருக்கும். மின்சாரம் போனால் அது பிடித்துக்கொள்ளும். எது கெட்டாலும் நிற்கிற பக்கமாகத்தான் கெடவேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் ரத்தத்தில் ஊறியது இது. ஆகவே தெரியாமல் செய்துவிட்டான் என்று யாராவது என்மேல் இரக்கப்பட்டால் அதை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன்.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்லவேண்டும். நான் அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். இறுதிப் போட்டிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, சோதனைக்காக இயந்திரத்தைக் கொட்டகையில் இருந்த எங்கள் கூண்டுக்குள் இறக்கி வைத்தோம். கெட்டியான பிளாஸ்டிக் பலகைகளால் நாங்களே அடித்த கூண்டு. அவன் ரிமோட்டை எடுத்தபோது சொன்னேன்:

"ஆயுதக் கியர்ல ஒரு மாத்தம் பண்ணியிருக்கேன்."

என்ன மாற்றம் என்று அவன் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஃப்ரீவீலைக் கழற்றிக் காட்டியிருப்பேன். தகட்டில் அங்கேயே மஞ்சள் கோடு போட்டிருப்பேன். பெயின்ட் டப்பா மேசைக்கடியில் தயாராக இருந்தது. ஒரு கேள்விதான். கேமரா வைத்திருந்த முன்பின் தெரியாத பெண் கேட்டாளே, அதே கேள்வி.

"கடையில கிடைச்சதா, அத்தான்?" என்றான். கண்ணடித்தான்.

எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். பேட்டரி வேலை நடக்கும்போது அதைப் போடவேண்டும் என்பதும் ஒரு விதிதான். கொஞ்சம் இரைச்சலான ஃபேன். தகடு காற்றைக் கிழிக்கிற மெல்லிய சத்தம் அதற்குமேல் கேட்காது.

சோதனை நன்றாக நடந்தது. சக்கரங்கள் நான் எதிர்பார்த்த இடத்தில் முழு வேகத்தைத் தொட்டன. தகடு ஊளையிட்டது. "அம்மா கூப்பிடுற மாதிரியே இருக்கு" என்று சிரித்தான். சுவிட்சை அணைத்தான். ஊளை முனகலாகி, முனகல் நின்றது. அந்த நேரம் என் மனைவி டம்ளர்களோடு கொட்டகை வாசலுக்கு வந்தாள். அவன் அவளைப் பார்த்துத் திரும்பினான்.

"அக்கா, உன் வீட்டுக்காரரு இன்னைக்கு ஒரு முழு வாக்கியம் பேசினாருக்கா" என்றான். சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து, கம்பியோடு கையை உள்ளே விட்டான்.

தகடு நிற்பதுபோலத்தான் இருந்தது. எனக்கே நிற்பதுபோலத்தான் இருந்தது. அவ்வளவு சமனாகச் செய்திருந்தேன்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. டம்ளர்கள் விழுந்த சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. நான் பேட்டரியைப் பிடுங்கினேன். சுத்தமான துணி எடுத்து அவன் மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். கிடைத்ததைப் பொறுக்கிப் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸுக்குள் வைத்துக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் என் தோளைத் தட்டினார். இந்த மாதிரி நேரத்தில் இவ்வளவு நிதானமாக வேலை செய்த ஆளைத் தான் பார்த்ததில்லை என்றார். ஒட்டவைக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். நான் செய்த ஒன்றை ஒருவர் கவனித்து வாய்விட்டுச் சொன்னது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. காரிடாரில் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் வந்து கொட்டகையைப் பார்த்தீர்கள், என்னிடம் மரியாதையாகப் பேசினீர்கள். விபத்து என்று எழுதினீர்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதோடு விட்டிருந்தால் நான் இன்று ஸ்டேஷனுக்கு வந்திருக்கமாட்டேன். ஆனால் காரணம் என்ற இடத்தில், கியர் அமைப்பில் ஏற்பட்ட திடீர்க் கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டி நடத்துகிறவர்கள் அதை வைத்துக்கொண்டு எல்லா அணிகளுக்கும் ஓர் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறார்கள். என் கியரின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே எழுதியிருக்கிறார்கள்: அனுபவமில்லாதவர்கள் வீட்டில் செய்யும் கியரை நம்பாதீர்கள், கடையில் கிடைப்பதையே பயன்படுத்துங்கள்.

அதைப் படித்துவிட்டு நான் தூங்கவில்லை.

அந்தக் கியரில் ஒரு பல்கூட உடையவில்லை, ஐயா. பிரித்துப் பாருங்கள். ஒரு உருளைகூட நழுவவில்லை. எந்த நொடியில் எது நிற்கவேண்டும், எது நிற்கக்கூடாது என்று நான் அமைத்தேனோ அதன்படியே அது வேலை செய்தது. அவன் கை அங்கே வரும் என்று எனக்குத் தெரியும். வருவதற்காகத்தான் செய்தேன். அதைக் கோளாறு என்று எழுதுவது சரியில்லை. மாற்றி எழுதுங்கள்; கையெழுத்துப் போடுகிறேன்.

மற்றவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். சின்னவனுக்கு வலது கையில் கட்டைவிரலும் அதை அடுத்த இரண்டும் இல்லை. அவன் இப்போது தன் அம்மா வீட்டில் இருக்கிறான். செல்போன் கடையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். மாமியார் அவனுக்கு ஊட்டிவிடுகிறார் என்று கேள்வி. என் மனைவியும் அங்கேதான் போயிருக்கிறாள். ஒருமுறை துணிமணி எடுக்க வந்தவள் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இறுதிப் போட்டியில் நாங்கள் இல்லாததால் எதிரணி மோதாமலேயே கோப்பையை வாங்கிக்கொண்டது. இயந்திரம் நீங்கள் சீல் வைத்த அறையில் இருக்கிறது. ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் பார்த்துவந்த லிஃப்டுகளை வேறொருவர் பார்க்கிறார். அவை ஓடுகின்றன. சின்னவன் இடது கையால் ரிமோட்டைப் பிடித்துப் பழகுகிறான் என்று யாரோ சொன்னார்கள். ஒற்றைக் கையால் ஓட்டுகிறவனுக்கு இந்த வேகம் ஆகாது, இதைவிட நிதானமான கியர் வேண்டும். மோட்டார்களையும் புதிதாக ஜோடி சேர்க்கவேண்டும். நான் உள்ளே போய்விட்டால் அதற்கெல்லாம் அவன் யாரிடம் போவான், பாவம். என்னைத் தவிர வேறு யாரையும் அவன் நம்பிப் பழக்கமில்லை.